கருவிகளுக்கு எதிரி குளிரா, ஈரமா? கரையில் உறங்கும் பாய்மரப் படகு

சிங்கப்பூரிலோ லங்காவியிலோ ஒரு பாய்மரப் படகு ஆண்டு முழுவதும் நீரிலேயே மிதக்கலாம். வெயில், மழை, பாசி, துரு என்று தொல்லைகள் உண்டு. ஆனாலும் கடல் என்றும் கடலாகவே இருக்கும். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் அந்த நிம்மதி கிடையாது. அங்கே கடலே உறைந்துவிடும்.

அதற்கு வடதுருவக் குளிர் மட்டும் காரணமில்லை. ஹெல்சிங்கியை ஒட்டிய பின்லாந்து வளைகுடாவில் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 5 அல்லது 6 கிராம் உப்புதான் இருக்கிறது. பெருங்கடலில் இது 35 கிராம். பெருங்கடல் நீர் உறைய வேண்டுமானால் வெப்பநிலை மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்க வேண்டும். ஹெல்சிங்கியின் நீர் மைனஸ் 0.3 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். பனிக்கட்டி படகின் உடலை நெருக்கி நொறுக்கிவிடும் என்பதால் அக்டோபர் முடிவதற்குள் பெரும்பாலான படகுகளைப் பாரந்தூக்கியால் தூக்கிக் கரையில் வைத்துவிடுகிறார்கள். அவை மீண்டும் நீரைத் தொடுவது மே மாதத்தில்தான்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து நகரான எஸ்போவில் ஓராண்டு படித்தபோது, ஒரு சிறிய பாய்மரப் படகுக் கழகத்தில் சேர்ந்திருந்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டுப் போயிருந்ததால், கழகத்தின் 28 அடிப் படகில் இருந்த கருவிகளைக் குளிர்காலத்துக்குத் தயார்படுத்தும் வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். எதைத் தொட்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைச் செய்யவிடுவார்.

ஆழமானி, வேகமானி, காற்றுமானி, திசைகாட்டி, ஜிபிஎஸ் திரை, வானொலி ஆகியவைதான் அந்தப் படகின் கண்ணும் காதும். பின்லாந்தின் கரையோரம் பல்லாயிரம் தீவுகளால் ஆனது. பனியுகத்துப் பனிப்பாளங்கள் தேய்த்துவிட்டுப் போன பாறைகள் நீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். எங்கள் படகின் கீல், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி, நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் கீழே வரை போகும். மே மாதத்தில் ஆழமானி தவறான எண்ணைக் காட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பணமும் ஒரு பிரச்சினைதான். எல்லாக் கருவிகளையும் புதிதாக வாங்க மாணவர்களின் சந்தா காணாது.

குளிர் தனியாக என்ன செய்யும்?

எந்தக் கருவியின் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு வெப்பநிலை வரம்புகள் போட்டிருக்கும். ஒன்று, கருவி இயங்கும்போது தாங்கக்கூடியது. மற்றொன்று, அணைத்து வைத்திருக்கும்போது தாங்கக்கூடியது. இரண்டாவது வரம்பு பெரும்பாலும் அகலமானது. படகுக் கருவிகள் பலவற்றுக்கு அது மைனஸ் 20 அல்லது மைனஸ் 30 டிகிரி வரை போகும். ஹெல்சிங்கியில் பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 அல்லது 5 டிகிரி. மைனஸ் 20 வரை இறங்கும் இரவுகளும் உண்டு. ஆக, அணைத்து வைத்த கருவி பெரும்பாலான நாட்களில் தன் வரம்புக்குள்தான் இருக்கும்.

இரண்டு வரம்புகள் ஏன்? எல்சிடி திரையை எடுத்துக்கொள்ளுங்கள். திடமும் இல்லாமல் முழுத் திரவமும் இல்லாமல் நடுவே நிற்கும் ‘திரவப் படிகம்’ என்ற பொருள்தான் அதன் உயிர். 1888ல் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இந்த விந்தையான நிலையை முதலில் கவனித்தார். தாவரவியலாளர் கண்டது நம் கைத்தொலைபேசித் திரைக்குள் வந்து சேர்ந்த கதை தனியாக எழுதவேண்டியது. குளிரக் குளிர அந்தப் பொருள் தேன்போலக் கெட்டியாகிறது. மின்புலம் கொடுத்தாலும் அதன் மூலக்கூறுகள் மெதுவாகவே திரும்பும். எண்கள் இழுபட்டு மங்கலாகத் தெரியும். இன்னும் குளிர்ந்தால் திரை வேலை செய்யாது. வெப்பம் திரும்பியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் உறைகுளிரில் இருக்கும் திரையை ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்கக்கூடாது, விரலால் அழுத்தவும் கூடாது. தூங்குபவரைத் தூங்கவிடவேண்டும்.

இவ்வளவுதான் குளிர் தனியாகச் செய்யும் சேட்டை. அதற்குக் கூட்டாளியாக நீர் சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது.

சிறு குழியில் தேங்கிய நீர்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். உயர்நிலைப்பள்ளியில் எல்லாரும் படிப்பதுதான். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் மறந்துபோய் வைத்த பானப் போத்தல் வெடித்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கமும் வேண்டாம்.

படகின் வேகமானி அடிப்பகுதியில் இருக்கிறது. படகின் உடலில் ஏறத்தாழ 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதில் ஒரு குழாய்க்கூடு. கூட்டுக்குள் ஓர் உருளை. உருளையின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிய துடுப்புச் சக்கரம். படகு நகர்ந்தால் சக்கரம் சுற்றும். அதன் துடுப்புகளில் காந்தம் பதித்திருக்கும். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் உருளைக்குள் இருக்கும் உணர்கருவி ஒரு மின்துடிப்பை அனுப்பும். துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

படகைக் கரையேற்றியதும் அந்த உருளையைக் கையால் இழுத்து வெளியே எடுத்துவிடவேண்டும். அப்படியே விட்டால் கூட்டுக்கும் உருளைக்கும் இடையே, ரப்பர் வளையங்களின் நடுவே, ஒரு கரண்டி நீராவது தங்கிவிடும். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு படகில் முந்தைய ஆண்டு அதுதான் நடந்திருக்கிறது. தேங்கிய நீர் உறைந்து கூட்டில் மயிரிழை போன்ற விரிசல் விட்டிருந்தது. வசந்தத்தில் படகை இறக்கிய பிறகே கசிவு தெரிந்ததாம்.

உருளையை எடுத்தபின் அந்தத் துளையை என்ன செய்வது? கருவியோடு ஓர் அடைப்பான் தந்திருப்பார்கள். அது நீரில் மிதக்கும்போது உருளையைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கானது. கரையில் அதையும் இறுக்கிப் போட்டால் நீர் மறுபடியும் சிக்கிக்கொள்ளும். எங்கள் பெரியவர் துளையைத் திறந்தே வைத்து, எலி நுழையாமல் இருக்க ஒரு கம்பிவலைத் துண்டை மட்டும் செருகினார். எலிகளுக்கு மின்கம்பியின் உறை மிகவும் பிடிக்கும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது.

அதன்பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. தடித்த எழுத்தில் ‘துளை திறந்திருக்கிறது’ என்று எழுதிய அட்டையைச் சுக்கானின் கைப்பிடியில் கயிற்றால் கட்டினார். அந்த அட்டையைக் கழற்றாமல் யாரும் படகைச் செலுத்த முடியாது. இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று தோன்றினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். துளை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது. டாரிசெல்லியின் சூத்திரப்படி நீர் விநாடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும். துளையின் குறுக்களவு 4.5 சென்டிமீட்டர். துளையின் விளிம்பில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் விநாடிக்கு ஏறத்தாழ 3 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 180 லிட்டர். ஒரு சிறிய படகுக்கு அது போதும்.

எடுத்த உருளையை நல்ல நீரில் கழுவி, மென்மையான தூரிகையால் பாசியையும் ஓட்டுயிர்களையும் நீக்கி, உலர்த்தி எடுத்து வைத்தோம். அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் கூடாது. அவை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவினோம்.

நீர்புகா முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

திரைகள் எல்லாம் நீர்புகாதவைதானே, படகிலேயே விட்டால் என்ன என்று சக மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கையேட்டில் ‘ஐபிஎக்ஸ்7’ என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள்.

பெரியவர் பதில் சொல்லாமல் என்னிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். முற்றிலும் மூடிய ஒரு பெட்டிக்குள் 20 டிகிரியில் காற்று இருக்கிறது. வெளியே மைனஸ் 20 ஆகிறது. உள்ளே அழுத்தம் எவ்வளவு குறையும்? கெல்வின் அளவில் 293லிருந்து 253க்கு இறங்குகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில், ஏறத்தாழ 14 விழுக்காடு குறையும். வளிமண்டல அழுத்தம் 10 மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம் என்பதால், அந்த 14 விழுக்காடு என்பது 1.4 மீட்டர் நீரின் அழுத்தம்.

அதாவது, சோதனைக்கூடத்தில் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் அமுக்கியதைவிடக் கூடுதலான அழுத்த வேறுபாட்டை, ஒரு குளிர்ந்த இரவு ரப்பர் வளையத்தின்மீது ஏற்றுகிறது. அதுவும் இரவெல்லாம், பல வாரங்களுக்கு. குளிரில் ரப்பரும் இறுகிப்போய் நெகிழ்வை இழந்திருக்கும். எங்காவது ஒரு சிறு வழி கிடைத்தால் கருவி வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். காற்றோடு நீராவியும் போகும். பகலில் வெயில்பட்டால் காற்று விரிந்து வெளியே வரும். இரவில் மறுபடி உள்ளே போகும். பெட்டி மூச்சுவிடுவதைப் போலத்தான்.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல கருவிகளில் காற்றை மட்டும் விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்றை வைக்கிறார்கள். ரப்பர் வளையத்தின்மீது உள்ள அழுத்தம் அதனால் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சவ்வு நீராவியைத் தடுப்பதில்லை. நீர்புகாது என்ற முத்திரை துளிநீரைப் பற்றியது. காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஏப்ரல்தான் பொல்லாத மாதம்

நம்மூரில் மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இந்தப் பகுதி எளிதாகப் புரியும். குளிரூட்டப்பட்ட பெருவிரைவு ரயிலிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி மங்கிவிடும் அல்லவா? சிங்கப்பூர்க் காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எதன்மீதும் நீர் படியும்.

பின்லாந்தில் நடு ஜனவரியின் காற்று மிகவும் வறண்டது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றால் ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். நம் 30 டிகிரிக் காற்று 30 கிராமைத் தாங்கும். ஆகவே கடுங்குளிரில் படகுக்குள் ஈரம் படிவது குறைவு. இருக்கும் ஈரமும் பனித்துகளாக அசையாமல் கிடக்கும்.

மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் நிலைமை தலைகீழாகும். தென்திசையிலிருந்து மிதமான ஈரக்காற்று வரும். காற்று விரைவில் சூடாகிவிடும். ஆனால் கனமான உலோகப் பாகங்களும் மின்கலங்களும் கருவிகளும் ஐந்து மாதக் குளிரை உள்ளே சேர்த்துவைத்துக்கொண்டு மெதுவாகவே சூடாகும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பானக் கலனைப்போல அவை வியர்க்கத் தொடங்கும். குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த ஈரமும் அப்போதுதான் உருகும். இணைப்பு முனைகளில் பச்சை படிவதும், திரையின் உள்பக்கம் மூட்டம் போடுவதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். குளிர் கொன்றது என்று பழி ஜனவரிமீது விழுகிறது. உண்மையில் வேலையைச் செய்தது ஏப்ரலின் ஈரம்.

இதில் உப்புக்கும் பங்குண்டு. சாப்பாட்டு உப்புப் போத்தலில் வீட்டில் நாலைந்து அரிசி போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மின்முனையில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருந்தாலும் போதும், ஈரமான நாளில் அது மின்கடத்தும் திரவமாகிவிடும். செம்பை அரிக்க அதற்கு ஏப்ரல் முழுவதும் நேரம் இருக்கிறது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் அங்கே தொல்லை சற்றுக் குறைவே. நம் கடலாக இருந்தால் ஒரு வாரத்திலேயே வேலையைக் காட்டியிருக்கும்.

எனவே கழற்றிய ஒவ்வோர் இணைப்பையும் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தோம். ஒருநாள் முழுக்க உலரவிட்டு, மின்கடத்தாத சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி, மூடி போட்டோம். பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைப்பதற்கு முன்பே உச்சியில் இருந்த காற்றுமானியையும் கழற்றியாகிவிட்டது. அதன் கிண்ணங்களும் திசைவாலும் மெல்லியவை, யாராவது தெரியாமல் இடித்தால் முறிந்துவிடும். கழற்றும் முன் ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு ஒட்டி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து எந்தக் கம்பி எங்கே போகும் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

படகைத் தார்ப்பாயால் மூடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பனி உள்ளே வரக்கூடாது என்று சுற்றிலும் இறுக்கிக் கட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. முன்னும் பின்னும் திறப்பு விட்டு, காற்று ஊடுருவிப் போகும்படி கட்டவேண்டும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்வதா, விட்டுவைப்பதா?

கழகத்தில் இதுபற்றி ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்குமாம். எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகவேண்டும் என்பது ஒரு கட்சி. கழற்றி மாட்டுவதிலேயே இணைப்புகள் தேய்ந்துவிடும், விட்டுவையுங்கள் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சின்னஞ்சிறு ஊசி முனைகள் கொண்ட இணைப்பை வலுக்கட்டாயமாகத் திருகி உடைப்பதைவிட, அந்தத் திரையை மூடி போட்டு இருந்த இடத்திலேயே விடுவது மேல். நாங்கள் எளிதாகக் கழன்றவற்றை எடுத்தோம். படகின் அடியில் பிசினால் ஒட்டியிருந்த ஆழமானியின் ஒலியுணரியைத் தொடவே இல்லை. அது பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலியை அனுப்பும், எதிரொலி பட்டால் மின்சாரம் தரும். உள்ளே நீர் தேங்க இடமே இல்லாத அந்த வில்லைக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கழற்றக்கூடிய திரைகளை எடுத்துவிடவேண்டும் என்பேன். ஆளில்லாத கரையில் ஆறு மாதம் விலையுயர்ந்த பொருளை விட்டுவைப்பது திருடனுக்கு அழைப்பு அனுப்புவதைப் போன்றது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் விதத்தில் கவனம் வேண்டும்.

அங்கே குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட அறையில் 21 டிகிரியும் 35 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி ஏறத்தாழ 5 டிகிரி. மைனஸ் 10 டிகிரியில் இருந்த திரையை நேராக அந்த அறைக்குள் கொண்டுவந்தால் வெளியே மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையிலும் நீர் படியலாம். அதைத் தடுக்கும் வழி மிக எளியது. வெளியே குளிரில் இருக்கும்போதே கருவியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக மூடிவிடவேண்டும். பைக்குள் இருப்பது வறண்ட குளிர்காற்று. வீட்டுக்கு வந்தபின் ஈரம் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். கருவி அறை வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் பையைத் திறக்கக்கூடாது. பனிநாடுகளுக்குச் சுற்றுலா போகும்போது உங்கள் புகைப்படக் கருவிக்கும் இதே வைத்தியம்தான்.

திறந்து உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மீண்டும் மூடி வைக்கலாம். நிறம் மாறும் வகை என்றால், அது ஈரத்தைக் குடித்து முடித்ததா என்பதும் தெரிந்துவிடும்.

மின்கலங்களுக்கு வேறு விதி. ஈய-அமில மின்கலத்தில் மின்னூட்டம் நிறைந்திருந்தால் உள்ளே அமிலம் செறிவாக இருக்கும், மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. மின்னூட்டம் தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர். மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து கூட்டைப் பிளந்துவிடும். அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் கருவிகளும் சில சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடிக்கும். அதனால் முழுமையாக மின்னூட்டி, கம்பியைக் கழற்றிவிடவேண்டும். சூரியத் தகடு பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. டிசம்பரில் ஹெல்சிங்கியின் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, தகட்டின்மீது பனி வேறு மூடிக்கிடக்கும். கையடக்க வானொலியின் லித்தியம் மின்கலத்தைப் பாதி அளவு மின்னூட்டத்தில் வீட்டில் வைத்தோம். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அதை மின்னூட்டக்கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் பாழாகிவிடும்.

செயற்கைக்கோளுக்கு அபாயச் சமிக்ஞை அனுப்பும் கருவியையும் கட்டாயம் வீட்டுக்கு எடுத்துவிடவேண்டும். அவற்றில் பல, தாங்கியிலிருந்து விலகி நீர் பட்டால் தாமாகவே இயங்கும். கரையில் நிற்கும் படகுக்காக மீட்புப் படை புறப்பட்டு வருவது யாருக்கும் நல்லதில்லை.

குமிழி போட்ட திசைகாட்டி

எங்கள் படகில் மின்சாரமே தேவைப்படாத கருவி திசைகாட்டி. காந்த அட்டை திரவத்தில் மிதக்கும். படகு ஆடினாலும் அட்டை துள்ளாமல் இருக்கத்தான் திரவம். 1813ல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் குரோ இதற்குக் காப்புரிமை பெற்றார். 1860களில் பாஸ்டனின் எட்வர்ட் ரிச்சி அதைக் கப்பல்களுக்கு உகந்ததாக மேம்படுத்தினார். பழைய திசைகாட்டிகளில் சாராயமும் நீரும் கலந்த திரவம் இருந்தது. உறையாமல் இருக்கவே சாராயம். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் மெல்லிய கனிம எண்ணெய்.

பிப்ரவரியில் ஒருமுறை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது, திசைகாட்டியின் கண்ணாடிக் குமிழுக்குள் மிளகு அளவில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தது. கசிவோ என்று எல்லாரும் கவலைப்பட்டோம். பெரியவர் மட்டும் அசரவில்லை. 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20க்குப் போனால் அந்த எண்ணெய் 3 முதல் 4 விழுக்காடு சுருங்கும். சுருக்கத்தை ஈடுகட்ட அடியில் ஒரு நெகிழும் சவ்வு இருக்கிறது. சவ்வின் எல்லையையும் தாண்டிக் குளிர்ந்தால் குமிழி தோன்றும். வெயில் வந்ததும் குமிழி மறைந்தால் அது சுருக்கம். மறையாமல் நின்றால் கசிவு. மே மாதம்வரை பொறுங்கள் என்றார். மேயில் மறைந்துவிட்டது.

மே மாதத்துக் கயிறு

படகை இறக்கும் நாளில் முதலில் சுக்கானிலிருந்த அட்டையைத் தேடினோம். இருந்தது. உருளையைச் செருகி, பூட்டு வளையத்தை இறுக்கி, அதன்பிறகே அட்டையைக் கழற்றினார்கள். பாரந்தூக்கி படகை நீரில் தொட வைத்ததும், பட்டைகளை அவிழ்க்கும் முன், ஒருவர் உள்ளே போய் துளையைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

ஜிபிஎஸ் தன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. ஆறு மாதம் அணைத்துக் கிடந்ததால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற பழைய அட்டவணை காலாவதியாகிவிட்டது. முழு அட்டவணையையும் வானிலிருந்து வாங்கி முடிக்க 12.5 நிமிடம் பிடிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாத இடம் இது.

ஆழமானியைச் சோதிக்கப் பெரியவர் எடுத்தது ஒரு கயிறும் ஈயக்குண்டும். படகுத்துறையில் கயிறு 3.1 மீட்டர் காட்டியது. ஒலியுணரி நீர்மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே இருப்பதால் திரையில் 2.7 வரவேண்டும். வந்ததோ 2.8. குளிரில் கெட்டுவிட்டதா? இல்லை. ஆழமானி நேரத்தைத்தான் அளக்கிறது, ஒலியின் வேகத்தைக் கொண்டு அதை ஆழமாக மாற்றுகிறது. எங்கள் கருவி விநாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டிருந்தது. 5 டிகிரியில் இருக்கும், உப்பு குறைந்த அந்த நீரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,430 மீட்டர்தான். எதிரொலி தாமதமாக வரும், கருவி ஆழம் கூடுதல் என்று நினைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 5 விழுக்காடு.

பாறைகள் நிறைந்த கடலில் ஆழத்தைக் கூட்டிக் காட்டுவதுதான் ஆபத்தான பிழை. கீலின் அடிப்பகுதி ஒலியுணரிக்கு 1.1 மீட்டர் கீழே இருந்தது. திரையில் கீலுக்குக் கீழே உள்ள நீர் தெரியவேண்டும் என்பதற்காக 1.1ஐக் கழிக்கும்படி அமைக்கலாம் என்று நான் பொத்தானைத் தொட்டேன். பெரியவர் 1.2 என்று போடச் சொன்னார். திரையில் 1.6 வந்தது. கயிற்றுக் கணக்கும் அதையேதான் சொன்னது. அதை ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பாய்களை எடுக்கப் போனோம்.